உச்சநாளில் ஆளில்லை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் ‘அட்டவணை’. "அட்டவணை வந்தாச்சா?" என்பார்கள். "அட்டவணை டீ குடிக்கப் போயிருக்கார்" என்பார்கள். ஒருநாள் அவரே தொலைபேசியை எடுத்து, "அட்டவணை பேசறேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தொழில் அப்படி. ஒரு கட்டடத்தைக் கட்டும் முன்பே கணினிக்குள் அதைக் கட்டி, அதில் ஆட்களைக் குடிவைத்து, எவ்வளவு வெயில் அடிக்கும், எவ்வளவு மின்சாரம் செலவாகும், மொட்டைமாடியில் எத்தனை பெரிய ஏசி இயந்திரம் வைக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் வேலை. சுவரும் ஜன்னலும் சுலபம். அவை சொன்ன இடத்தில் நிற்கும். மனிதர்கள்தான் தொல்லை. ஆகவே அவர்களுக்கு அட்டவணை எழுத வேண்டும். ஒன்பது மணிக்கு இத்தனை பேர், மதியம் சாப்பாட்டுக்கு இத்தனை பேர் எழுந்து போவார்கள், ஆறு மணிக்கு விளக்கு அணையும் என்று மணிவாரியாக. கூட்டம் நிறைந்திருந்தால் ஒன்று. யாருமில்லை என்றால் பூஜ்யம். மற்ற நேரமெல்லாம் மனிதகுலம் புள்ளி மூன்று, புள்ளி ஏழு என்று தசமத்தில் நடமாடும். இன்னும் பிறக்காத கட்டடத்தில் யார் எப்போது குளிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசர்களுக்குக்கூட இருந்ததில்லை. அட்டவணைக்கு இருந்தது. அதைக் கர்வமில்லாமல், அரைக்கை சட்டை போட்டுக்கொண்டு செலுத்திவந்தார்.

அந்த ராஜ்யத்தில் ஒரேயொரு பொல்லாத நாள் உண்டு. ஏசி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை வருஷம் முழுவதையும் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். வெயில் தன் முழு வக்கிரத்தையும் காட்டும் ஒரு நாளைக் கற்பனையில் உண்டாக்கி, அந்த நாளைக் கட்டடத்தின் மேல் ஏவிவிட்டுப் பார்ப்பார்கள். காலண்டரில் அதற்குத் தேதி கிடையாது, கிழமை கிடையாது. தொழிலில் அதை டிசைன் டே என்பார்கள். நம் ஆள் அதை உச்சநாள் என்பார். "உச்சநாளைத் தாங்கிட்டா மத்த நாளெல்லாம் தூசு" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வேதவாக்கு.

வீட்டிலும் அவர் இதே கண்ணால்தான் பார்த்தார். அவர்கள் வீட்டில் ஓர் அறை கூடுதலாக இருந்தது. அதை ‘வேலை அறை’ என்று அறிவித்து, உள்ளே ஒரு மேஜையைப் போட்டு, பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருந்தார்.

"அந்த ரூமுக்கு என்னங்க ஷெட்யூல்?" என்று மனைவி ஒருமுறை கேட்டு, பதிலையும் தானே சொன்னார்: "பகல்ல பூஜ்யம், ராத்திரியும் பூஜ்யம். ஒட்டடைக்கு மட்டும் ஒண்ணு."

இதை மனைவி சும்மா கேட்கவில்லை. அப்போது அக்காவை எங்கே வைத்துக்கொள்வது என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அக்கா அவரைவிடப் பதினேழு வயது பெரியவர். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாத தம்பியைத் தாய்போல வளர்த்தார் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "நான் எங்க வளர்த்தேன்? சோறு போட்டேன், அவனா வளர்ந்தான். அதுவும் அகலத்துலதான் வளர்ந்தான்" என்பார். இப்போது முழங்கால் போய்விட்டது, இதயத்துக்கு மாத்திரை ஏறியிருந்தது. குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததும் தனியாக இருக்க முடியாது என்று தெரிந்துபோயிற்று.

அந்தச் சமயம் பார்த்து, அட்டவணையின் நிறுவனம் கணக்குப் போட்டுக் கொடுத்த முதியோர் இல்லம் ஒன்று குளிர்காலத்தில் திறந்திருந்தது. வெயில் நுழையாத ஜன்னல், நல்ல கூரை, மொட்டைமாடியில் எல்லோரும் வியக்கும் அளவுக்குச் சின்ன ஏசி இயந்திரம். ‘குறைந்த மின்சாரத்தில் நிறைந்த சுகம்’ என்று பாராட்டி ஒரு சங்கம் கேடயம் கொடுத்தது. முதலாளி அதை வரவேற்பறையில் மாட்டி, அதன்மேல் தனியாக ஒரு விளக்கும் போட்டார். மின்சாரச் சேமிப்புக்குக் கிடைத்த அந்தக் கேடயத்தின் மேல் விளக்கு இரவும் பகலும் எரிந்தது.

"வெளியாள் கட்டடம் இல்லக்கா, நான் கணக்குப் போட்டது. எந்த வெயிலுக்கும் அசையாது" என்று சொல்லித்தான் அக்காவை அங்கே சேர்த்தார். அக்கா வேலை அறையை எட்டிப் பார்த்து, மேஜையின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலில் ஒட்டிய தூசியை மட்டும் அவருக்குக் காட்டினார்.

கோடை பிறந்த முதல் வாரத்தில் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"டேய், உன் கட்டடம் வேகுதுடா."

"என்னக்கா சொல்ற?"

"மத்தியானம் சாப்பிட்டு ஹால்ல உக்காந்தா முதுகுல ஆறு ஓடுது. ஏசி ஓடிக்கிட்டுதான் இருக்கு. கிழவன் மாடி ஏறுற மாதிரி முனகுது."

"இருக்காதுக்கா. கணக்குல இருபத்திநாலு டிகிரிக்கு மேல ஏறவே இல்ல."

"அப்ப உன் கணக்கைக் கொண்டாந்து இங்க உக்காத்தி வை. நான் அது உள்ள போய் உக்காந்துக்கறேன்."

"வயசானா வேர்க்கும்க்கா."

"இங்க சமையல்காரனுக்கு இருபத்தஞ்சு வயசுடா. அவன் துண்டைப் பிழிஞ்சு பிழிஞ்சு காயப் போடறான்."

அக்கா சொல்வது தவறு என்று நிரூபிப்பதற்காகத்தான் அட்டவணை அந்தக் கட்டடத்தின் கோப்பைத் திறந்தார். அக்கா சொல்வதைத் தவறென்று நிரூபிக்கக் கிளம்பிய முயற்சி எதுவும் அந்தக் குடும்ப வரலாற்றில் வென்றதில்லை.

உச்சநாளின் மணிவாரிக் கணக்கை எடுத்தார். காலை வெயில் சரி. சுவர் வழியாக வரும் சூடு சரி. மனித உடம்பிலிருந்து வரும் சூடு: பூஜ்யம். விளக்கு: பூஜ்யம். சமையலறை: பூஜ்யம். மறுபடி பார்த்தார். காலை, மதியம், மாலை, எல்லாம் பூஜ்யம். நாற்பத்திரண்டு டிகிரி கொளுத்தும் அந்த நாளில் இல்லத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. முதியவர்கள் அத்தனை பேரும், சக்கர நாற்காலியும் ஊன்றுகோலுமாக, விளக்கை அணைத்து அடுப்பை நிறுத்திவிட்டு எங்கேயோ புறப்பட்டுப் போயிருந்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். அட்டவணை எழுதும்போது வாரநாட்களுக்கு ஒரு வரி, சனி ஞாயிறுக்கு ஒரு வரி, உச்சநாளுக்கென்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். கடைசியில், ‘மற்ற நாட்கள் எல்லாம்’ என்று ஒரு வரி இருக்கும். உச்சநாளுக்கு எழுத மறந்தால் கணினி கோபித்துக்கொள்ளாது. அதையும் சத்தமில்லாமல் அந்தக் கடைசி மூட்டையில் போட்டுக் கட்டிவிடும். தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் செய்வதைப் போலவே அவரும் பழைய கட்டடம் ஒன்றின் அட்டவணையை எடுத்துத் திருத்தினார். அந்தப் பழைய கட்டடம் அவர்களுடைய சொந்த ஆபீஸ். முதியவர்கள் எப்போது எழுவார்கள், யார் மதியம் தூங்குவார்கள், தூக்கம் வராமல் யார் விளக்கைப் போடுவார்கள் என்றெல்லாம் யோசித்து, வாரநாள், சனி, ஞாயிறு என்று அன்போடு எழுதினார். உச்சநாளின் வரியை, "இது ஆபீஸ் ஆளுங்களோடது" என்று அழித்தார். புது வரி எழுதக் கையை வைத்தபோது டீ வந்தது. வரலாற்றில் எத்தனையோ பேரழிவுகளுக்குச் சற்று முன்னால் டீ வந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

டீ குடித்துவிட்டு அவர் வேறு வேலைக்குப் போனார். உச்சநாள் மூட்டைக்குள் விழுந்தது. ஆபீசின் மூட்டையில் இருந்ததோ விடுமுறை நாட்கள். விடுமுறை நாளில் ஆபீசில் ஆள் ஏது?

வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினார். மாடியில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இயந்திரம் வேண்டும் என்று வந்தது. வளர்ந்த பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புச் சட்டையை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். சட்டை சின்னதாக இருக்கிறதே, துணி மிச்சமாயிற்றே என்று கேடயமும் கொடுத்திருக்கிறார்கள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி பொறுமையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே எழுந்து கதவைச் சாத்தினார்.

"அட்டவணை, டிசைன் டேங்கறது என்ன?"

"உச்சபட்ச வெயில் நாள் சார்."

"நிஜ நாளா, கற்பனை நாளா?"

"கற்பனை நாள்தான் சார்."

"கற்பனை நாள்ல யாருக்காவது நிஜமா வேர்க்குமாய்யா?"

இந்தக் கேள்வி முதலாளிக்கே பிடித்துப்போயிற்று.

"அதுவும் வயசானவங்க. நீதான சொல்லுவ, உக்காந்திருக்கற மனுஷன் சூட்டுல ஒரு குண்டு பல்புக்குச் சமம்னு? இவங்க எல்லாம் பழைய பல்பு. கொஞ்சம் மங்கலாதான் எரிவாங்க."

"சார், இந்த வாரமே ஹால்ல முப்பத்திரண்டு டிகிரி. வெயில் இன்னும் ஏறப் போகுது. இல்லத்துத் தலைவர்கிட்ட சொல்லிட்டா, பெரிய இயந்திரம் வர்ற வரைக்கும் வாடகைக்காவது ஏதாவது எடுத்து வைப்பாங்க."

"சொல்லிட்டா, கேடயத்தை யார் கழட்டறது? நீயா, நானா? கையில இருக்கற நாலு வேலையும் அதைக் காட்டித்தான் வாங்கியிருக்கேன். கோடை முடியட்டும். பராமரிப்புங்கற பேர்ல மாத்திக்கலாம். அதுவரைக்கும் நீ அந்த இல்லத்து ஆளுங்க யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. விட்டா, உன் நாற்காலிக்கும் நான் பூஜ்யம் போட வேண்டியிருக்கும்."

நகைச்சுவை தெரிந்த முதலாளியிடம் வேலை பார்ப்பதில் இது ஒரு கஷ்டம். சிரிப்பதா, பயப்படுவதா என்று உடனே தீர்மானிக்க முடியாது. அட்டவணை இரண்டையும் செய்துகொண்டு வெளியே வந்தார். வந்தவர் முதலாளி சொன்னபடியே மூச்சு விடாமல் இருந்தார். இதற்கு முன்னும் அவர் சொன்ன பேச்சைத் தட்டியதில்லை. அந்த ஒழுக்கத்தால் அவர் தூக்கம் மட்டும் கெட்டது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, கையைப் பிசைந்தபடி, எத்தனை பேர், எத்தனை குண்டு பல்பு என்று முணுமுணுத்தார்.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு காலை வேளையில் வேலை அறையின் மேஜையை இழுத்துக் கூடத்தில் போட்டார்.

"என்ன பண்ற?"

"ஒட்டடைக்கு நோட்டீஸ் கொடுத்தாச்சு. உங்க அக்காவைக் கூட்டிட்டு வாங்க. இந்த வேலையை நீங்க போன வருஷமே செஞ்சிருக்கணும். செய்யல. அதைப் பத்தி அப்புறம் சாவகாசமா சண்டை போடலாம்."

அன்று சனிக்கிழமை. மறுநாள் வெயில் நாற்பத்திரண்டைத் தொடும், வியாழன் வரை இறங்காது என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். உச்சநாளுக்குக் கடைசியில் தேதியும் கிழமையும் கிடைத்துவிட்டன. அட்டவணை இல்லத்துக்கு ஓடினார்.

அக்கா ஹாலில் சீட்டு மேஜையில் இருந்தார். கையில் சீட்டு இல்லை. எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

"டிராயிங் மாஸ்டர் எங்கக்கா?" என்று கேட்டார். ஓய்வு பெற்ற அந்த ஓவிய ஆசிரியர்தான் அக்காவின் நிரந்தரக் கூட்டாளி. அக்கா செய்யும் கள்ள ஆட்டத்தைக் கண்டும் காணாமல் இருக்கும் பெருந்தன்மை அவருக்கு மட்டும்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரியில. நேத்து சீட்டைப் பிரிச்சுக்கிட்டே இருந்தார். அப்படியே சாஞ்சிட்டார். உடம்பு தணலா கொதிச்சுது. இன்னும் கண்ணைத் திறக்கலயாம்." அக்காவின் குரலில் கேலி இல்லை. அட்டவணைக்கு அதுதான் பயமாக இருந்தது. "கையில நல்ல சீட்டு வேற வெச்சிருந்தார், பாவம்."

"அக்கா, கிளம்பு. நம்ம வீட்டுக்குப் போலாம். ரூம் தயாரா இருக்கு."

"எதுக்கு திடீர்னு?"

அவர் சொன்னார். டீ வந்தது வரைக்கும் சொன்னார். அக்கா கண்ணை மூடிக் கேட்டார்.

"ஆக, எல்லாத்தையும் விட வெயிலான நாள்ல நாங்க யாருமே இங்க இல்லைன்னு எழுதிட்ட."

"எழுதலக்கா. எழுதாம விட்டுட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா. சரி, என்னைக் கூட்டிட்டுப் போற. இவங்க?" மேஜையைச் சுற்றிலும் கை காட்டினார். விசிறியால் முகத்தை மறைத்துத் தூங்குகிறவர், ஜன்னலோரம் ஈரத்துணியைத் தலையில் போட்டிருந்த இரட்டை ஜடை அம்மா, சக்கர நாற்காலியில் வாய் திறந்து கிடந்த ஒருவர். "உனக்கு நான் ஒருத்திதான் அக்காவா இருக்கலாம். உன் தப்பு என் ஒருத்தி மேல மட்டும் விழலயே. எல்லாருக்கும் வழி பண்ணு. அப்புறம் வரேன்."

எல்லோருக்கும் வழி என்றால் என்ன வழி? அட்டவணை மொட்டைமாடிக்கு ஏறினார். முனகும் இயந்திரத்தின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டார். இது தாங்குவது காலிக் கட்டடத்தை. பாதிப் பேரும் அடுப்பும் விளக்கும் இல்லையென்றால், படுத்த படுக்கையாக இருக்கும் மீதிப் பேருக்கு எப்படியோ ஒப்பேறும். சரி, அந்தப் பாதிப் பேர் எங்கே போவார்கள்? ஞாயிற்றுக்கிழமையில் ஆளே இல்லாமல், தேவைக்கு மேல் குளிர்கிற இடம் ஒன்று வேண்டும்.

அப்படி ஓர் இடம் அவருக்குத் தெரியும், அதன் சாவியும் அவரிடம் இருந்தது. சொந்த ஆபீசுக்குக் கணக்குப் போட்டபோது மட்டும் முதலாளி, "நமக்கு ஒரு சைஸ் பெருசாவே வைய்யா" என்று சொல்லியிருந்தார்.

இல்லத்து மேட்ரனிடம் போய், "நாளைக்கு எங்க ஆபீஸ்ல முதியோர்களுக்கு ஒரு சந்திப்பு இருக்கு" என்று ஆரம்பித்தார். மேட்ரனின் சீருடை முதுகில் ஒட்டியிருந்தது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அங்க ஏசி வேலை செய்யுமா?"

"ஸ்வெட்டர் கொண்டு வரச் சொல்லுங்க."

"வேன் ரெண்டு நடை அடிக்கும். காலையில வெயில் ஏறதுக்கு முன்னாடி கொண்டு வந்து விடறேன்" என்று மேட்ரன் முடித்துவிட்டார். சந்திப்பில் யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று கேட்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆபீஸ் தன் அட்டவணைக்கு முதல் துரோகத்தைச் செய்தது. பூஜ்யம் என்று எழுதியிருந்த நேரத்தில் வரவேற்பறையில் ஊன்றுகோல்கள் சாய்ந்து நின்றன. மீட்டிங் மேஜையில் சீட்டு விழுந்தது. இரட்டை ஜடை அம்மா முதலாளியின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, மெல்ல ஒரு சுற்று சுற்றி, "இதுலதான் இத்தனை நாள் ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தானா?" என்றார். கேடயத்தின் எதிரே நின்று ஒருவர் அதில் முகம் பார்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வெளியே தார்ச்சாலை நெளிந்தது. உள்ளே எல்லோரும் போர்வை கேட்டார்கள்.

அக்கா அட்டவணையின் இருக்கையில் அமர்ந்து திரையைப் பார்த்தார்.

"இந்தப் பொட்டிக்குள்ளதான் எங்களை வெச்சிருந்தியா? அந்த நாளைக் காட்டு."

காட்டினார். மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"வீட்டுலயும் இடமில்ல. இங்கயும் இல்ல. அப்ப எங்கடா போயிருந்தேன், சினிமாவுக்கா?"

சிரிப்பார் என்று அட்டவணை காத்திருந்தார். அக்கா சிரிக்கவில்லை.

"நாளைக்கு என்ன பண்ணுவ?"

அதைத்தான் அவர் காலையிலிருந்து யோசிக்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார். திங்கட்கிழமை இந்த நாற்காலிகளுக்கு உரியவர்கள் வந்துவிடுவார்கள். வெயில் வியாழன் வரைக்கும் இருக்கும். வேன் எல்லோரையும் அதே ஹாலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும்.

"இல்லத்துத் தலைவர்கிட்ட இன்னைக்கே சொல்லிட்டா, சாயங்காலத்துக்குள்ள வாடகைக்கு இயந்திரம் இறக்கிடலாம். அதுக்கு ஆள் இருக்காங்க."

"அப்ப சொல்லு."

"வேலை போயிடும்க்கா."

"போகும்" என்று அக்கா ஒப்புக்கொண்டார். ஆறுதல் சொல்வது அவருக்கு வழக்கமில்லை. "முதலாளி உன்னைச் சும்மா விட மாட்டான். ஊர் பூரா சொல்லி வைப்பான். வேற வேலையும் லேசுல கிடைக்காது." கையை நீட்டினார். "நம்பரைச் சொல்லு."

"நீ எதுக்குக்கா?"

"முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்த கை. ஊர்ல எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கேன், உனக்குக் கொடுக்க மாட்டேனா? ஆனா நடுவுல பேச மாட்டேன். அது எங்க தொழில்ல கிடையாது."

நம்பரை அழுத்தி, காதில் வைத்து, மணி அடிப்பதை உறுதி செய்துகொண்டு கருவியை அவரிடம் நீட்டினார். அட்டவணை வாங்கிக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீட்டிங் அறையில் புது ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிராயிங் மாஸ்டரின் பங்கு விடுபடவில்லை. காலி நாற்காலிக்கு எதிரே அவருடைய சீட்டுகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து விழுந்தன.

"ஹலோ, யார் பேசறது?" என்றது தொலைபேசி.

அட்டவணை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சொன்னார்.